நடிக்கிறான் என்கிற தீர்ப்பு

பைத்தியத்தைப் பற்றி எழுத நம் வட்டத்தில் ஆளுக்குப் பஞ்சமில்லை. இதழுக்கு இரண்டு கவிதைகளிலாவது யாருக்காவது புத்தி பேதலிக்கிறது. சிறுகதை என்றால் கடைசிப் பத்தியில் ஒருவன் காரணமில்லாமல் சிரிக்க ஆரம்பிக்கிறான். கட்டுரை என்றால் ஃபூக்கோ வந்துவிடுகிறார். சிறை என்கிற வார்த்தைக்கும் இதே கதிதான். உடம்பு சிறை, மொழி சிறை, குடும்பம் சிறை. இவ்விரண்டு வார்த்தைகளையும் இத்தனை தாராளமாகச் செலவழிக்கிறவர்களிடம் நான் ஒரு சின்னக் கேள்வி கேட்டு வந்திருக்கிறேன். செங்கல்லும் கம்பியுமாக நிற்கிற நிஜச் சிறைக்குள் ஒருவனுக்குச் சித்தம் கலங்கிவிட்டது என்று சொல்கிறார்கள். கலங்கிவிட்டதா, கலங்கியதாக நடிக்கிறானா? இதை யார், எதை வைத்துச் சொல்வது?

இரண்டு பதில்கள்தாம் கிடைக்கின்றன. முதல் பதில்: பைத்தியம் என்பதே அதிகாரம் ஒட்டிய சீட்டு, ஆகவே நிஜம், நடிப்பு என்கிற பாகுபாடே அதிகாரத்தின் பாகுபாடு, கேள்வி தவறு. இரண்டாவது பதில் விஞ்ஞானத்தில் நம்பிக்கையுள்ள நண்பர்களுடையது: அதற்கெல்லாம் டெஸ்ட் வந்துவிட்டதே, உட்கார வைத்துக் கேள்வி கேட்டால் மார்க் வந்துவிடும். முதல் பதிலைச் சொல்கிறவர்கள் இரண்டாவது பதில்காரர்களை அசடுகள் என்கிறார்கள். இவர்கள் அவர்களை வாய்வீச்சுக்காரர்கள் என்கிறார்கள். எனக்கு இரு சாராரும் ஒரே காரியத்தைச் செய்வதாகத் தோன்றுகிறது. உள்ளே இருக்கிறவனைப் பார்க்காமல் இருப்பதற்கு ஆளுக்கொரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள்.

நான் இருப்பது வில்லியனூர்ப் பக்கம். இங்கிருந்தும் பாகூர்ப் பக்கமிருந்தும் கைதாகிறவன் காலாப்பட்டு மத்தியச் சிறைக்குப் போகிறான். வரப்புத் தகராறு, சாராயக் கடைச் சண்டை, குடும்பத்துக்குள் வெட்டுக்குத்து. அவனைப் பார்த்துவிட்டு வருகிற அம்மாவோ மனைவியோ சொல்கிற வாக்கியம் ஒன்றுண்டு: "உள்ள போனதிலேர்ந்து ஒரு மாதிரியா இருக்குது." உலகத்துச் சிறைகளிலெல்லாம் அந்த வாக்கியத்துக்கு எதிராக ஒரு சொல் காத்துக்கொண்டிருக்கிறது: நடிக்கிறான். அந்தச் சொல்லைச் சொல்ல மருத்துவப் பட்டம் வேண்டாம். வார்டர் சொல்லலாம். பக்கத்துக் கொட்டடிக்காரன் சொல்லலாம். போலீஸ்காரர் அவன் உள்ளே வருவதற்கு முன்னாலேயே சொல்லிவிடலாம். சொன்ன பிறகு அவன் எது செய்தாலும் நடிப்புக்குச் சாட்சி. சாப்பிடாவிட்டால் நடிப்பு, சாப்பிட்டால் பார்த்தாயா சாப்பிடுகிறான்.

இந்தச் சொல்லுக்கும் சட்டத்துக்கும் உள்ள உறவு எங்கள் ஊர்களில் விசேஷமானது. தென்பெண்ணைக்கு வடக்கே பாகூர், தெற்கே கடலூர். நூறு வருஷத்துக்குக் கிட்டத்தட்ட ஆற்றின் இரு கரைகளிலும் பைத்தியத்துக்கு இரண்டு இலக்கணங்கள் இருந்தன. பிரெஞ்சுக் கரையில் 1810ஆம் வருஷத் தண்டனைத் தொகுப்பின் 64ஆம் பிரிவு: காரியம் நடந்த நேரத்தில் ஆள் சித்தப்பிரமையில் இருந்தால் குற்றமே இல்லை. ஆங்கிலக் கரையில் 1860ஆம் வருஷச் சட்டத்தின் 84ஆம் பிரிவு: பிரமை இருந்தால் மட்டும் போதாது, தான் செய்வது இன்னதென்றோ, அது தப்பென்றோ தெரியாத நிலையில் இருந்திருக்க வேண்டும். ஒன்று மனத்தின் நிலையைக் கேட்டது, மற்றது அறிவைக் கேட்டது. 1963இல் இந்தியத் தண்டனைச் சட்டம் புதுச்சேரிக்கு நீட்டிக்கப்பட்ட பிறகு எங்கள் கரைக்கும் ஆங்கில இலக்கணமே வந்தது. 2024 ஜூலை முதல் அமலில் இருக்கிற பாரதிய நியாய சன்ஹிதாவில் எண் மட்டும் 22 ஆகியிருக்கிறது, சாரம் அதேதான். கொம்யூன் என்கிற பிரெஞ்சு வார்த்தை பஞ்சாயத்துப் பலகையில் தங்கிவிட்டது, பிரெஞ்சுக் கேள்வி தங்கவில்லை. ஆற்றின் எந்தக் கரையில் நிற்கிறோம் என்பதைப் பொறுத்துப் பைத்தியத்தின் எல்லை நகர்ந்திருக்கிறது என்பது ஃபூக்கோ அன்பர்களுக்கு உவப்பாக இருக்கும். அவசரப்பட வேண்டாம். எல்லை நகர்ந்தது என்பதால் நோய் இல்லை என்று ஆகிவிடாது. ஜுரத்துக்கு இரண்டு தேசங்களில் இரண்டு அளவுக்குறிகள் இருப்பதால் ஜுரமே இல்லை என்று யாரும் சொல்வதில்லை.

முதலில் இந்த டெஸ்டுகள் எப்படி வேலை செய்கின்றன என்பதைப் பார்ப்போம். பார்க்காமலே கண்டிப்பது நம் சிறுபத்திரிகை மரபு. இந்த ஒரு தடவை அதை மீறலாம்.

ஞாபகம் போய்விட்டது என்று சொல்கிறவனுக்கான சோதனை ஒன்று. கனடாவைச் சேர்ந்த டாம்பா 1996இல் வெளியிட்டது. ஐம்பது கோட்டுப் படங்கள். ஒவ்வொன்றாகக் காட்டுகிறார்கள். பிறகு இரண்டிரண்டாகப் படங்களை வைத்து, முன்பு பார்த்தது எது என்கிறார்கள். பார்க்கக் கடினமாகத் தெரிகிற சோதனை, நிஜத்தில் மிகச் சுலபம். மூளையில் அடிபட்டவர்கள் கூட நாற்பத்தைந்துக்கு மேல் சரியாகச் சொல்லிவிடுகிறார்கள். ஒன்றுமே ஞாபகமில்லாதவன் கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும் பாதிக்குப் பாதி, இருபத்தைந்து சரியாக வரும். பத்துதான் சரி என்றால்? அத்தனை தப்பாகச் சொல்வதற்குச் சரியான விடை தெரிந்திருக்க வேண்டும். இதில் நான் குறை காண முடியாத ஒரு தர்க்கம் இருக்கிறது. எழுத்தறிவும் வேண்டாம், ஆங்கிலமும் வேண்டாம்.

சித்தக்கலக்கம் விஷயம் இவ்வளவு நேர்கோடல்ல. அங்கே ரிச்சர்ட் ராஜர்ஸ் 1992இல் வெளியிட்ட நீண்ட நேர்காணல் முறையும், ஹாலி மில்லர் 2001இல் வெளியிட்ட இருபத்தைந்து கேள்விகள் கொண்ட சுருக்க முறையும் பெயர் பெற்றவை. இவற்றின் உத்தி என்னவென்றால், நடிக்கிறவனுக்கு நோய் தெரியாது, நோயைப் பற்றிய ஊர்ப்பேச்சுதான் தெரியும் என்பது. ஆகவே நோயாளிகளிடம் அநேகமாகக் காணவே படாத அறிகுறிகளைக் கேள்வியாகப் போடுகிறார்கள். ஒன்றுக்கொன்று பொருந்தாத அறிகுறிகளைச் சேர்த்துப் போடுகிறார்கள். இவனோ எதைக் கேட்டாலும் ஆமாம் என்கிறான். குரல் கேட்கிறதா, ஆமாம். விடாமல் கேட்கிறதா, ராத்திரி பகல் விடாமல். ஆள் தெரிகிறானா, பனைமர உயரத்துக்குத் தெரிகிறான். நிஜமாகக் குரல் கேட்கிறவர்களுக்கு அது விட்டுவிட்டுத்தான் கேட்கும். அதை அடக்க ஏதாவது உபாயம் வைத்திருப்பார்கள்: வேலையில் இறங்குவது, யாரோடாவது பேசப் போவது, படுத்துக்கொள்வது. ஃபிலிப் ரெஸ்னிக் போன்ற தடயவியல் மனநல மருத்துவர்கள் பல வருஷமாகச் சொல்லி வருவது இது. நோயாளி நோயை மறைக்கிறான். நடிக்கிறவன் கூப்பிட்டுக் காட்டுகிறான். நடிக்கிறவனுக்குத் தெரியாத இன்னொன்று, நோயில் இல்லாமல் போகிறவை. முகத்தில் பாவம் இல்லாமல் போவது, பேச ஒன்றும் இல்லாமல் போவது, குளிக்க எழுந்திருக்க வேண்டும் என்கிற உந்துதல் இல்லாமல் போவது. இவற்றை ஒரு மணி நேரம் நடிக்கலாம், ஒரு மாதம் நடிக்க முடியாது.

ஆகவே முதல் பதில்காரர்களுக்குச் சொல்கிறேன். நடிப்பு என்று ஒன்று இருக்கிறது. நியூயார்க்கில் வின்சென்ட் ஜிகாந்தே என்கிற மாஃபியாத் தலைவர் குளியல் அங்கியோடு தெருவில் முணுமுணுத்துக்கொண்டு சுற்றிக் கிட்டத்தட்ட முப்பது வருஷம் பைத்தியம் போல நடந்துகொண்டார். பெரிய பெரிய மருத்துவர்கள் அவருக்கு நோய் என்று சாட்சி சொன்னார்கள். 2003இல் எல்லாம் வேஷம் என்று அவரே நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். நடிப்பவனுக்கு ஒரு படுக்கை போனால் அது நோயாளியின் படுக்கை. பெங்களூர் மத்தியச் சிறையில் நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் 5,024 கைதிகளைப் பரிசோதித்து 2011இல் வெளியிட்ட அறிக்கையில், போதைப் பழக்கத்தைத் தள்ளிவிட்டுப் பார்த்தாலும் நான்கில் ஒருவருக்கு மேல் ஏதோ ஒரு மனநோய் இருந்தது. இத்தனை பேர் காத்திருக்கிற இடத்தில் 'நிஜம், நடிப்பு என்கிற கேள்வியே தவறு' என்று சொல்வதற்கு மிகவும் சௌகரியமான நாற்காலி வேண்டும்.

சரி, நடிக்கிறவன் இந்த வேஷத்தை எங்கிருந்து எடுக்கிறான்? இதற்கு வருவதற்குத்தான் இத்தனை தூரம் சுற்றி வந்தேன். பாகூரில் ஏர் பின்னால் போனவன், வில்லியனூரில் லாரிக்குச் சுமை ஏற்றினவன், மனநோய்ப் புத்தகம் படித்து நடிப்பதில்லை. அவனுக்கு நாம் எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

மணிமேகலையில், மலர்வனம் புக்க காதையில், ஒரு பித்தன் வருகிறான். எருக்கும் அலரியும் மாலையாகப் போட்டுக் கந்தலைச் சுற்றிக்கொண்டு, அழுது, விழுந்து, ஓடி, தன் நிழலோடு சண்டைக்கு நிற்கிறான். தெரு ஜனம் கூடி வேடிக்கை பார்க்கிறது. சாத்தனார் ஒரு மனுஷனைப் பார்த்து எழுதியிருக்கிறார் என்றுதான் எனக்குப் படுகிறது. நிழலோடு சண்டை என்பது வீட்டிலிருந்தபடி யோசித்து வருகிற விஷயமில்லை. அவருக்குப் பின்னால் வந்தவர்கள் மனுஷனை விட்டுவிட்டு வேடிக்கையை மட்டும் வைத்துக்கொண்டார்கள். சினிமா அதை வாங்கிக்கொண்டது. தாடி, கிழிந்த சட்டை, திடீர்ச் சிரிப்பு, வெறித்த பார்வை. தலையில் அடிபட்டால் வருகிறது, இன்னொரு அடி பட்டால் போகிறது. சினிமாவைக் கேலி செய்கிற நாம் என்ன செய்தோம்? தாடியை எடுத்துவிட்டுத் தத்துவம் வைத்தோம். நம் கதைகளில் வருகிற பைத்தியம் எல்லோரையும் விடத் தெளிவாகப் பேசுகிறது. மற்றவர்களுக்குத் தெரியாத உண்மை அதற்குத் தெரிகிறது. அதற்கு வருகிற பிரமைகள் உருவகமாகப் பொருந்தி வருகின்றன. ஒரு பிரமை கூட வீண் போவதில்லை. குளிக்காமல் நாறுகிற, சொன்னதையே நாற்பது தடவை சொல்லி அலுப்பூட்டுகிற, மாத்திரையால் உடம்பு பருத்து எச்சில் வடிகிற பைத்தியம் நம் பக்கங்களில் வரவே மாட்டேன் என்கிறது. ராஜர்ஸின் கேள்விகளை எடுத்துக்கொண்டு போய் நவீனத் தமிழ்ச் சிறுகதைகளில் வருகிற பைத்தியங்களிடம் கேட்டால் ஒருவர் மிச்சமில்லாமல் மாட்டிக்கொள்வார்கள்: அபூர்வ அறிகுறி, பொருந்தாத சேர்க்கை, கூப்பிட்டுக் காட்டுகிற அவசரம். அத்தனையும் பாசாங்கு.

விலக்கு இருக்கிறது. கோபி கிருஷ்ணனின் 'உள்ளேயிருந்து சில குரல்கள்' அந்த விலக்கு. அங்கே பேசுகிறவர்கள் நமக்காகப் பேசவில்லை. அவர்கள் பேச்சு சில இடங்களில் அலுப்பூட்டுகிறது, சில இடங்களில் சிரிப்பு வருகிறது, சிரித்ததற்காகப் பிறகு வெட்கம் வருகிறது. அந்தப் புத்தகத்தைப் பற்றி நம் வட்டத்தில் மரியாதையாகத் தலையாட்டிவிட்டுப் போகிறவர்கள் அதிகம். அதிலிருந்து யாரும் எதையும் கற்றுக்கொண்டதாக அதற்குப் பின் வந்த கதைகளில் தடயமில்லை.

இனி இரண்டாவது பதில்காரர்கள். இவர்களுக்கும் மொழியில்தான் கோளாறு. மினசோட்டா சோதனை என்று ஒன்று, 1943 முதல் புழக்கத்தில் இருக்கிறது. ஹாத்தவே என்கிற உளவியலாளரும் மெக்கின்லி என்கிற மருத்துவரும் உண்டாக்கியது. இதில் மிகைப்படுத்துகிறவர்களைப் பிடிக்க ஒரு தனி அளவை. பத்துப் பேரில் ஒருவர் கூட 'எனக்கு அப்படித்தான்' என்று சொல்லாத வாக்கியங்களாகப் பார்த்து அறுபத்து நான்கு பொறுக்கியிருந்தார்கள். இதில் நிறைய வாக்கியங்களுக்கு ஒருவன் ஆமாம் போட்டால் சந்தேகத்துக்குரியவன். எந்தப் பத்துப் பேர்? மினசோட்டா பல்கலைக்கழக ஆஸ்பத்திரிக்கு உறவினர்களைப் பார்க்க வந்த 724 பேர். வெள்ளைக்காரர்கள், பெரும்பாலும் எட்டாவது வரை படித்தவர்கள். கெட்ட ஆவிகள் சில நேரங்களில் தன்னைப் பிடித்துக்கொள்வதாக ஒரு வாக்கியம் அந்த அறுபத்து நான்கில் இருக்கிறது. மினசோட்டாவில் அதற்கு ஆமாம் சொல்கிறவன் அபூர்வம். வில்லியனூரில்? மாசி மாதம் மயானக் கொள்ளையன்று வந்து பாருங்கள். அமாவாசை ராத்திரி மேல்மலையனூருக்குப் போகிற பஸ்ஸில் ஏறி உட்காருங்கள். ஏரிக்கரையில் முனி அடித்துவிட்டது, காற்று சேட்டை, செய்வினை, மேலே அம்மன் இறங்கிவிட்டாள்: இவை எங்கள் பக்கத்தில் பைத்தியத்தின் அறிகுறிகளில்லை, நடிப்பின் அறிகுறிகளுமில்லை. நிலம் போனதை, மகன் செத்ததை, புருஷன் குடிப்பதை ஒரு பெண்பிள்ளை சொல்வதற்கு இருக்கிற வாக்கியங்கள். மினசோட்டாவுக்கு அபூர்வமான வாக்கியம் பாகூருக்கு வெள்ளிக்கிழமைப் பேச்சு.

இந்த அளவைக்குப் பிறகு திருத்தங்கள் வந்திருக்கின்றன என்பார்கள். வந்திருக்கின்றன. 1989இல் அமெரிக்காவில் 2,600 பேரை வைத்து அளவுகளைப் புதுப்பித்தார்கள். நிஜ நோயாளிகளே பழைய அளவையில் நடிகர்களாகத் தேறினார்கள் என்பதால், நோயாளிகளிடமும் அபூர்வமாக இருக்கிற வாக்கியங்களைத் தேடி அர்பிசியும் பென்-போரத்தும் 1995இல் புதிய அளவை ஒன்று சேர்த்தார்கள். இந்த நாணயத்தை நான் மதிக்கிறேன். அவர்கள் தங்கள் கருவியைச் சந்தேகித்திருக்கிறார்கள். இங்கே அதைக் கொண்டாடுகிறவர்கள் சந்தேகப்படத் தயாராயில்லை. வாக்கியத்தைத் தமிழில் பெயர்ப்பது ஒரு வேலை. பெயர்த்த வாக்கியத்துக்கு எங்கள் கொம்யூனில் எத்தனை பேர் ஆமாம் சொல்கிறார்கள், எங்கள் நோயாளிகளில் எத்தனை பேர் சொல்கிறார்கள் என்று எண்ணிப் பார்ப்பது முற்றிலும் வேறு வேலை. இரண்டாவதைச் செய்யாமல் முதலாவதை மட்டும் செய்தால் கையில் இருப்பது தமிழ் எழுத்தில் இருக்கிற மினசோட்டா.

இன்னொரு கணக்கும் இருக்கிறது, பள்ளிக்கூடக் கணக்கு. நோய் என்று சொல்கிற நூறு கைதிகள். அவர்களில் பத்துப் பேர் நடிக்கிறார்கள், தொண்ணூறு பேர் நோயாளிகள் என்று வைத்துக்கொள்வோம். சோதனை பத்துக்கு ஒன்பது தடவை சரி. நடிக்கிற பத்தில் ஒன்பதைப் பிடித்துவிடும். நோயாளிகள் தொண்ணூறிலும் பத்தில் ஒன்று தப்பினால் ஒன்பது பேர். ஆக 'நடிப்பு' என்று முத்திரை விழுந்த பதினெட்டுப் பேரில் சரிபாதி நிஜ நோயாளிகள். இத்தனைக்கும் சோதனை தொண்ணூறு சதவீதம் சரியானது! இருபத்தைந்து கேள்விச் சோதனையை உண்டாக்கினவர்களே அது முதல் சல்லடைதான், அதைக் கொண்டு முடிவு கட்டாதீர்கள் என்கிறார்கள். நம் ஊரில் சல்லடையைத்தான் தராசு என்கிறோம். கருவி என்றால் நமக்கு ஒரு மயக்கம் உண்டு. உண்மையைக் கக்க வைக்கும் ஊசி, மூளை மின்னலைப் படம் பிடிக்கிற பெட்டி என்று போலீஸ் இலாக்காக்கள் வருஷக் கணக்கில் ஆடிய ஆட்டத்தை உச்ச நீதிமன்றம் 2010இல் செல்வி வழக்கில், சம்மதமில்லாமல் செய்யக் கூடாது என்று நிறுத்த வேண்டியிருந்தது.

இரு சாராருக்கும் பொதுவான ஒரு பிசகு உண்டு. நடிப்பு என்றால் நோயில்லை, நோய் என்றால் நடிப்பில்லை என்று இருவரும் எடுத்துக்கொள்கிறார்கள். ஃபூக்கோ அன்பர்களிடம் அவர்கள் வேதத்திலிருந்தே கேட்கிறேன். 1973இல் ஃபூக்கோவும் அவருடைய மாணவர்களும் வெளியிட்ட பியேர் ரிவியேர் புத்தகத்தை எத்தனை பேர் அட்டையைத் தாண்டிப் படித்திருக்கிறீர்கள்? ரிவியேர் நார்மண்டிக் கிராமத்து விவசாயப் பையன். 1835இல் தாயையும் தங்கையையும் தம்பியையும் வெட்டிக் கொன்றான். பிடிபட்டதும் கடவுள் சொல்லிச் செய்தேன் என்றான். விசாரணையில், அது பைத்தியம் போல இருக்க வேண்டும் என்று தான் போட்ட திட்டம் என்று ஒப்புக்கொண்டான். பிறகு சிறையில் உட்கார்ந்து நீண்ட வாக்குமூலம் எழுதினான். அதே எழுத்தைப் படித்து ஒரு மருத்துவர் இத்தனை தெளிவாக எழுதுகிறவன் பைத்தியமில்லை என்றார், இன்னொருவர் சிறு வயதிலிருந்தே இவன் சித்தம் சரியில்லை என்றார். ஜூரி மரணதண்டனை விதித்தது. எஸ்கிரோல் உள்ளிட்ட பாரிஸ் மருத்துவர்கள் அவன் நோயாளி என்று எழுதிக் கொடுக்க, அரசர் தண்டனையை ஆயுளாகக் குறைத்தார். 1840இல் சிறையிலேயே தூக்குப் போட்டுக்கொண்டான். அதற்கு முன்னால் தான் ஏற்கனவே செத்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டிருந்தான். இவன் நடித்தான் என்பது உண்மை. அவனே ஒப்புக்கொண்டான். பாரிஸ் மருத்துவர்கள் சொன்னதைப் பார்த்தால், செத்த விதத்தைப் பார்த்தால், நோயாளி என்பதும் உண்மை. நோயாளிக்கும் பயம் உண்டு, சுயநலம் உண்டு, தன் நோயை யாரும் நம்ப மாட்டார்கள் என்கிற பதற்றம் உண்டு. ஆகவே அவன் கூட்டிச் சொல்கிறான். பசியில் இருக்கிற பிள்ளை இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை என்று சொன்னால், ஒரு நாள்தான் என்று கண்டுபிடித்து இலையை எடுத்துவிடுவோமா? ரிவியேரை அளந்த அதே 64ஆம் பிரிவுதான் அந்தக் காலத்தில் எங்கள் வில்லியனூருக்கும் சட்டம்.

அன்பர்கள் இங்கே ரோசன்ஹானை இழுப்பார்கள். எட்டுப் பேர் குரல் கேட்கிறது என்று பொய் சொல்லிப் பன்னிரண்டு ஆஸ்பத்திரிகளில் சேர்ந்தார்கள், ஒருவரையும் கண்டுபிடிக்கவில்லை என்று 1973இல் வந்த கட்டுரை. அதன் இரண்டாம் பாகத்தைத்தான் நான் படிக்கச் சொல்வேன். இனி உங்கள் ஆஸ்பத்திரிக்குப் போலி நோயாளிகளை அனுப்பப்போகிறேன் என்று ஒரு ஆஸ்பத்திரிக்கு அவர் சொல்லி வைத்தார். அடுத்து வந்த 193 நோயாளிகளில் 41 பேரை ஊழியர்களில் ஒருவராவது நிச்சயமாகப் போலி என்றார். அவர் அனுப்பியதோ ஒருவரும் இல்லை. சந்தேகத்தைச் சொல்லிக் கொடுத்தால் போதும், நோயாளிகள் நடிகர்களாகிவிடுவார்கள். இந்தக் கட்டுரையின் தகவல்களே எவ்வளவு நிஜம் என்று சூசன்னா கஹாலன் 2019இல் ஒரு புத்தகம் முழுக்கக் கேள்வி எழுப்பியிருக்கிறார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பாசாங்கைப் பற்றின கட்டுரைக்கே பாசாங்கு என்கிற குற்றச்சாட்டு. அதை அரை நூற்றாண்டாக வேதவாக்காகச் சொல்லி வருகிறவர்கள் யோசிக்க வேண்டும்.

நம் தேசத்தில் ஏழைக்குப் பைத்தியம் என்கிற முத்திரையால் என்ன லாபம் கிடைத்துவிடுகிறது? அஸ்ஸாமில் மச்சாங் லாலுங் என்கிற பழங்குடி மனிதர் 1951இல் கைதானார். விசாரணை நடக்கவேயில்லை. மனநோய் என்று தேஜ்பூர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். 1967இல் சுகமாகிவிட்டார் என்று மருத்துவர்கள் எழுதிக் கொடுத்தார்கள். வீட்டுக்கு அனுப்புவதற்குப் பதிலாகச் சிறைக்கு அனுப்பினார்கள். 2005இல் ஒரு ரூபாய் ஜாமீனில் வெளியே வந்தார். ஐம்பத்து நான்கு வருஷம். ஹஜாரிபாக் சிறையில் இதே மாதிரி இருபது, முப்பது வருஷம் கிடந்தவர்களை 1982இல் வீணா சேத்தி வழக்கில் உச்ச நீதிமன்றம் விடுவித்தது. குற்றம் செய்யாத மனநோயாளிகளைச் சிறையில் வைப்பதே சட்ட விரோதம் என்று 1993இல் ஷீலா பார்ஸே வழக்கில் சொல்ல வேண்டியிருந்தது. ஜிகாந்தேயிடம் முப்பது வருஷம் நடிக்கப் பணமும் வக்கீலும் இருந்தன. பாகூர்க் கூலிக்காரன் பைத்தியம் என்று தேறினால் கிடைக்கக்கூடியது லாலுங்கின் ஐம்பத்து நான்கு வருஷம். இந்தப் பரிசுக்காகப் பெருங்கூட்டம் நடிக்கிறது என்று நம்புகிறவர்களுக்கு முதலில் சோதனை வைக்க வேண்டும்.

எனக்கு வேண்டியது பெரிய விஷயமில்லை. சோதனை வைக்கட்டும். வைத்தவர் 'இவன் பதில்கள் மிகைப்பட்டவை' என்று எழுதட்டும். 'இவனுக்கு நோயில்லை' என்று எழுத அந்தத் தாள் அதிகாரம் கொடுக்கவில்லை. ஒரு மணி நேரம் கேள்வி கேட்டதோடு நிற்காமல் சில வாரம் வைத்துப் பார்க்கட்டும்: எப்படித் தூங்குகிறான், யாருமில்லாதபோது என்ன செய்கிறான், வீட்டார் என்ன சொல்கிறார்கள். 2017ஆம் வருஷ மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 103ஆம் பிரிவு ஒவ்வொரு மாநிலத்திலும் குறைந்தது ஒரு சிறையின் மருத்துவப் பகுதியிலாவது மனநல நிலையம் வேண்டும் என்கிறது. அங்கே உட்கார்கிறவருக்கு ஏரி முனி என்றால் என்னவென்று தெரிந்திருக்கட்டும். தெரிந்தால்தான் முனியைச் சொல்லி ஏமாற்றுகிறவனையும் அவரால் பிடிக்க முடியும். முனி எப்போது அடிக்கும், அடித்தவன் எப்படி இருப்பான், யாரிடம் கூட்டிப் போவார்கள் என்பதற்கெல்லாம் ஊரில் ஒழுங்கு இருக்கிறது. பாசாங்குக்காரன் அந்த ஒழுங்கில் இடறுவான்.

அந்த ஒழுங்கை யார் எழுதி வைத்திருக்கிறார்கள்? இது மருத்துவர் வேலையில்லை. மனம் கலங்கின தமிழன் எந்த வார்த்தையில் பேசுகிறான், எங்கே நிறுத்துகிறான், எதைச் சொல்லக் கூசுகிறான், அவன் தாயார் அதை அக்கம்பக்கத்தில் எந்த வார்த்தை போட்டு மறைக்கிறாள் என்பதைக் காது கொடுத்துக் கேட்டு எழுதுவது மொழியில் வேலை செய்கிறவனின் காரியம். அதை நாம் செய்திருந்தால் மினசோட்டாக் கணக்கை எதிர்த்து வைக்க நம்மிடம் ஏதாவது இருந்திருக்கும். நாம் கவிதைக்குப் பைத்தியத்தைக் கடன் வாங்கினோம், திருப்பிக் கொடுக்கவில்லை. காலாப்பட்டுக்கு மனுப் போட்டுப் பார்க்கப் போகிற குடும்பங்கள் எங்கள் தெருவிலேயே இருக்கின்றன. அவர்கள் திரும்பி வந்ததும் திண்ணையில் உட்கார வைத்து, என்ன சொன்னான், எப்படிச் சொன்னான் என்று கேட்கலாம். அதற்கு நேரமில்லாத நண்பர்கள் அடுத்த இதழுக்குப் பைத்தியக் கவிதை அனுப்பாமலாவது இருக்கலாம்.